வீட்டுக்கு மானியம் சரி, வண்டிக்கு?

அரசோ அரசு வாரியமோ கட்டி, விலையிலோ வாடகையிலோ ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டு, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு ஒதுக்கும் வீடுகள் பொதுக் குடியிருப்புகள் எனப்படுகின்றன. அந்த வீட்டோடு வண்டி நிறுத்தும் இடமும் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைத்தால், வீட்டு மானியத்தின் மேல் இரண்டாவதாக ஒரு மானியம் ஏறுகிறது. முதல் மானியத்துக்குக் கணக்கு உண்டு. மத்திய அரசின் பங்கு, மாநில அரசின் பங்கு, பயனாளி கட்டும் தொகை என்று அது ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது மானியத்துக்குக் கணக்கே கிடையாது. கட்டடத்துக்குக் கீழே, படிக்கட்டு ஓரத்தில், பிளாக்குகளுக்கு நடுவில் கிடக்கும் நிலமாக அது வழங்கப்படுகிறது. வண்டி வைத்திருப்பவருக்குக் கிடைக்கிறது, இல்லாதவருக்குக் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மூன்று வகைக் குடியிருப்புகளில் எழுகிறது. மக்கள் இன்றும் ‘ஸ்லம் போர்டு வீடு’ என்றே சொல்லும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள் முதல் வகை. ‘ஹவுசிங் போர்டு’ எனப்படும் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளும், அரசு அலுவலர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளும் இரண்டாவது வகை. உள்ளாட்சி அமைப்புகள் தூய்மைப் பணியாளர் உள்ளிட்டோருக்குக் கட்டிக்கொடுத்தவை மூன்றாவது வகை. மூன்றிலும் குடியிருப்போரின் வருவாய் வேறு, வண்டி வேறு, தேவையும் வேறு. மூன்றுக்கும் ஒரே விடை பொருந்தாது.

ஒரு காரும் ஒரு வீடும்

வண்டி நிறுத்தத்தின் விலை என்பது முதலில் நிலத்தின் விலை. கட்டட விதிகளில் பொதுவாக ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட கட்டம் குறிக்கப்படுகிறது. அது 12.5 சதுர மீட்டர். ஆனால் கார் கட்டத்துக்குள் நுழையவும் திரும்பவும் வெளியேறவும் பாதை வேண்டும். அதையும் சேர்த்தே திட்டமிடுவோர் கணக்கிடுகிறார்கள். டெல்லி முழுமைத் திட்டம் 2021 உள்ளிட்ட இந்திய நகரமைப்பு நெறிகளில் ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர், தூண் தளத்தில் 28, நிலவறையில் 32 என்று அளவு கொள்ளப்படுகிறது.

இதன் பக்கத்தில் வீட்டின் அளவை வைத்துப் பார்க்கலாம். 2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை. ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கும் இடத்தில் முக்கால் பங்குக்கும் மேலான நிலத்தை ஒரே ஒரு கார் திறந்தவெளியில் எடுத்துக்கொள்கிறது. நிலவறையில் நிறுத்தினால் கார் வீட்டையே மிஞ்சிவிடுகிறது.

தளத்துக்கு 24 வீடுகள், நான்கு தளங்கள், மொத்தம் 96 வீடுகள் கொண்ட ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். சுவரும் படிக்கட்டும் நீங்கலாக, அது தரையில் அமரும் பரப்பு 720 சதுர மீட்டர். வீட்டுக்கு ஒரு கார் என்று திறந்தவெளியில் இடம் விட்டால் 2,208 சதுர மீட்டர் வேண்டும். கட்டடம் நிற்கும் நிலத்தைப் போல மூன்று மடங்கு. வீட்டுக்கு ஓர் இரு சக்கர வாகனம் என்றால் கதை மாறுகிறது. ஒரு மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் போதும். 96 வண்டிகளுக்கு 173 சதுர மீட்டர். வழிக்காக அதை இரட்டிப்பாக்கினாலும் கட்டடம் நிற்கும் பரப்பில் பாதியைத் தாண்டாது.

வண்டி நிறுத்த மானியம் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வேறுபாடுதான். ‘பார்க்கிங்’ என்ற ஒரே சொல்லில் காரும் ஸ்கூட்டியும் தள்ளுவண்டியும் ஒன்றாகிவிடுகின்றன. நிலத்தின் கணக்கில் அவை ஒன்றல்ல.

சைக்கிள் காலத்துக் கட்டடங்கள்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் அமைக்கப்பட்டது. குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் 1971-ல் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுப்புவது வாரியத்தின் தொடக்ககால வழி. லிஃப்ட் இல்லாத, மூன்று நான்கு தளங்கள் கொண்ட கட்டடங்கள் அவை. குடியேறியவர்களிடம் அன்று இருந்த வண்டி, இருந்தால், சைக்கிள். அதைத் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகலாம், நடையில் சாய்த்தும் வைக்கலாம். வரைபடத்தில் வண்டிக்கென்று தனி இடம் விடப்படாததில் அன்று யாருக்கும் குறை தெரியவில்லை.

அடுத்த தலைமுறையில் சைக்கிளின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 21 விழுக்காட்டினரிடம் இரு சக்கர மோட்டார் வாகனம் இருந்தது. கார் வைத்திருந்தோர் 4.7 விழுக்காடு. அதன் பிறகு இரண்டும் உயர்ந்தன. தமிழ்நாட்டில் இன்று பதிவாகியுள்ள மோட்டார் வாகனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இரு சக்கர வாகனங்களே. வண்டி பெருகியது, கட்டடத்தைச் சுற்றிய இடம் பெருகவில்லை. அதனால் பிளாக்குகளுக்கு இடைப்பட்ட சந்துகள், படிக்கட்டின் அடிப்பகுதி, மின் மீட்டர் பெட்டிகள் இருக்கும் சுவரோரம், பிள்ளைகள் விளையாடிய திடல் ஆகியவை வண்டி நிற்கும் இடங்களாயின. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய வேண்டிய பாதையும் அவற்றில் அடங்கும்.

2000-க்குப் பிறகு இன்னொரு மாற்றம் நேர்ந்தது. இருந்த இடத்தில் வீடு என்பதற்குப் பதிலாக, நகரத்துக்கு வெளியே பெருந்தொகுப்புகள் எழுந்தன. சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளும், பெரும்பாக்கத்தில் 20,000 அளவிலான வீடுகளும் கட்டப்பட்டன. கூவம், அடையாறு கரைகளில் இருந்து பெயர்க்கப்பட்டவர்களின் வேலை நகருக்குள் இருந்தது, வீடு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கடனுக்கு ஒரு வண்டி வாங்குவது பல குடும்பங்களுக்குக் கட்டாயமாயிற்று. வண்டிக்கான தேவையில் ஒரு பகுதியை உண்டாக்கியது அரசு தேர்ந்தெடுத்த இடமே. வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ‘வாழ்விடம்’ என்ற சொல்லுக்குள் பிழைப்புக்கான சக்கரமும் அடங்குமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

செவ்வாய்ப்பேட்டையில் ஓடும் சக்கரங்கள்

சேலம் மாநகரின் செவ்வாய்ப்பேட்டை இந்தக் கேள்வியைத் தெளிவாகக் காட்டும் இடம். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் இந்தப் பேட்டையில் லீ பஜாரின் மொத்தக் கடைகள், தானிய மண்டிகள், வெல்ல மண்டி, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் ஆகியவை நெருக்கமாக அமைந்துள்ளன. அருகிலேயே சேலம் மார்க்கெட் ரயில் நிலையம். லாரியில் வந்து இறங்கும் மூட்டை கடைக்குப் போக வேண்டும், கடையில் இருந்து சில்லறை வியாபாரியின் ஊருக்குப் போக வேண்டும். இந்த இரண்டு நகர்வும் சிறு வண்டிகளின் வேலை. ‘குட்டியானை’ என்று அழைக்கப்படும் நான்கு சக்கரச் சரக்கு வண்டி, லோடு ஆட்டோ, மூன்று சக்கர மிதிவண்டி, தள்ளுவண்டி ஆகியவை பகல் முழுதும் ஓடுகின்றன. பட்டறைக்குப் பட்டறை கைமாறும் கொலுசு வேலை இரு சக்கர வாகனத்தில் போய் வருகிறது.

பகலில் இவை நிற்பதற்குத் தெரு இருக்கிறது. அதில் நெரிசல் உண்டு, தகராறு உண்டு, போக்குவரத்துக் காவலரின் விசிலும் உண்டு. இரவில் அவை எங்கே நிற்கின்றன என்பது வேறு கேள்வி. ஓட்டுநரும் சுமைதூக்குபவரும் பட்டறைத் தொழிலாளியும் நகரின் பல பகுதிகளில் லைன் வீடுகளிலும் வாரிய வீடுகளிலும் குடியிருப்பவர்கள். வண்டி அவர்கள் வீடிருக்கும் இடத்துக்கே திரும்புகிறது. அந்த வண்டியில் பேட்டரி இருக்கிறது, டீசல் இருக்கிறது, மறுநாள் விடியற்காலையில் மண்டிக்குக் கொண்டுபோக வேண்டிய காலிச் சாக்கும் கயிறும் இருக்கின்றன. ஹேண்டில் லாக்கையும் ஒரு சங்கிலியையும் நம்பித் தெருவில் விடப்படும் அந்த வண்டிதான் அந்த வீட்டின் பெருஞ்சொத்து. அது காணாமல்போனால் மாதத் தவணை நிற்காது, வருமானம் நின்றுவிடும்.

சேலம் 2016-ல் பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. அத்தகைய திட்டங்களில் நகர மையத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தங்கள் எழுவது வழக்கம். சென்னை தியாகராய நகரில் அப்படி எழுந்த நிறுத்தத்துக்குச் சுமார் 40 கோடி ரூபாய் செலவானது. அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கார்களும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இரு சக்கர வாகனங்களும் நிற்கலாம். கடைவீதிக்கு வருவோரின் வண்டிக்குப் பொதுப்பணம் செலவிடப்படுகிறது. அதே கடைவீதிக்குச் சரக்கு கொண்டுவருபவரின் வண்டி இரவில் நிற்க இடமில்லை. வண்டி நிறுத்த மானியம் இனிமேல் தொடங்க வேண்டிய ஒன்றன்று என்பதற்கு இதுவே சான்று. அது ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. யாருக்குப் போகிறது என்பதே விவாதத்துக்குரியது.

மானியம் வேண்டும் என்போர் சொல்வது

மானியத்தை ஆதரிப்பவர்களின் முதல் வாதம் பிழைப்பு. பொதுக் குடியிருப்பில் வசிப்பவரின் வண்டி பெரும்பாலும் உழைப்புக் கருவி. தச்சருக்கு உளிபோல, ஆட்டோ ஓட்டுநருக்கு ஆட்டோ. கருவியை வைக்க இடமில்லாத வீடு அரைவீடு.

இரண்டாவது வாதம் அரசின் நடத்தையில் இருந்தே பிறக்கிறது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாக வழங்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், உணவும் பொருளும் விநியோகிக்கும் இணையம்சார் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் விலையின்றி வழங்கப்படுகிறது. வண்டி வாங்க மானியம் தரும் அரசு, அதை நிறுத்த இடம் கேட்டால் கை விரிப்பது பொருந்தாது.

மூன்றாவது வாதம் தொலைவு பற்றியது. நகருக்குள் இருந்த குடும்பத்தைப் புறநகருக்கு அனுப்பியது அரசின் முடிவு. அதனால் வந்த கூடுதல் போக்குவரத்துச் செலவில் ஒரு பங்கையாவது அரசு ஏற்க வேண்டும் என்பது நியாயமே. நான்காவது வாதம் பாதுகாப்பு. முறையான இடம் இல்லாவிட்டால் வண்டிகள் மறைந்துபோவதில்லை. மீட்டர் பெட்டிக்கு அடியிலும் அவசர வழியிலும் நிற்கின்றன. வசதி செய்து தராமல் விதி மட்டும் போட்டால் விதி தோற்கும்.

வேண்டாம் என்போர் சொல்வது

எதிர்ப்பவர்களின் வாதமும் வலுவானது. வண்டி நிறுத்தத்தின் செலவு யாரோ ஒருவர் தலையில் விழுந்தே தீரும். வாரியம் அதை வீட்டுச் செலவோடு சேர்த்தால், வண்டி இல்லாத விதவைத் தாயும் பேருந்தில் போகும் தூய்மைப் பணியாளரும் பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒரே குடியிருப்புக்குள் ஏழையிடம் இருந்து சற்று வசதியானவருக்குப் பணம் நகர்கிறது. ஏழைகளுக்கான திட்டத்துக்குள்ளேயே இது நிகழ்வதுதான் இதன் விந்தை.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டொனால்டு ஷூப் 2005-ல் வெளியிட்ட தம் நூலில் வாகன நிறுத்தம் இலவசம் என்பதே ஒரு மயக்கம் என்று விரிவாக நிறுவினார். கட்டணம் வாங்காத இடத்தின் விலை வீட்டு வாடகையிலும் கடைப்பொருளின் விலையிலும் வரியிலும் கரைந்து நிற்கிறது, கார் ஓட்டாதவரும் அதைக் கட்டுகிறார் என்பது அவர் கண்டது. இலவச இடம் இருப்பதாலேயே கார் வாங்கும் ஆசை கூடுகிறது, கார் கூடுவதால் இன்னும் இடம் கேட்கப்படுகிறது என்ற சுழலையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பொதுக் குடியிருப்பில் இந்த வாதத்துக்குக் கூடுதல் எடை உண்டு. கட்டடத்தைச் சுற்றிய நிலத்துக்கு அங்கே போட்டி அதிகம். வீடு சிறியது என்பதால் திண்ணையும் முற்றமும் அந்தப் பொதுவெளியே. துணி காய்வது, பூக் கட்டுவது, கல்யாணப் பந்தல் எழுவது, பிள்ளைகள் பந்து விளையாடுவது, இறந்தவரைக் கிடத்துவது எல்லாம் அந்த மண்ணில்தான். ஒரு கார் அங்கே நிலையாக நின்றுவிட்டால், கேட்க ஆளில்லாத இந்தப் பயன்பாடுகள் சத்தமின்றி ஒதுங்கிக்கொள்கின்றன. அரசு அலுவலர் வாடகைக் குடியிருப்புகளிலோ நிலைமை வேறு. அங்கே மாதச் சம்பளமும் வீட்டுச் சலுகையும் பெறும் குடும்பத்தின் காருக்கு இலவச இடம் கொடுப்பதை ஏழ்மையின் பெயரால் நியாயப்படுத்த வழியில்லை.

சிங்கப்பூர் கற்றுக்கொண்டது

இந்த விவாதத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் நாடு சிங்கப்பூர். 1960-ல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில்தான் அங்குள்ள மக்களில் பெரும்பான்மையோர், ஏறத்தாழ ஐவரில் நால்வர், வசிக்கிறார்கள். தமிழர்களும் அவர்களில் அடக்கம். பொதுக் குடியிருப்பு அங்கே ஏழைகளின் ஒதுக்கிடமாக இல்லை, நாட்டின் பொது வாழ்க்கையே அதுதான். அந்த வீடுகளுக்கு அரசு தாராளமாக மானியம் தருகிறது. கார் நிறுத்தத்துக்கோ மாதக் கட்டணம் வாங்குகிறது.

2002-க்குப் பிறகு உயர்த்தப்படாமல் இருந்த அந்தக் கட்டணம் 2016 டிசம்பரில் உயர்ந்தது. நகர மையத்துக்கு வெளியே, குடியிருப்பவரின் முதல் காருக்குத் திறந்தவெளியில் மாதம் 80 சிங்கப்பூர் வெள்ளி, கூரையுள்ள இடத்தில் 110 வெள்ளி என்று ஆனது. இரண்டாவது காருக்கும் வெளியாரின் காருக்கும் கட்டணம் இதைவிடக் கூடுதல். மோட்டார் சைக்கிளுக்கு மிகக் குறைவு. வீட்டுக்கு மானியம், காருக்கு விலை, சிறிய வண்டிக்குச் சலுகை என்ற மூன்று படிகள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. எனினும் அங்கும் முணுமுணுப்பு உண்டு. வீடே அரசுடையதாக இருக்கும்போது அதன் கீழே காரை நிறுத்த எதற்குப் பணம் என்று கேட்போர் இருக்கிறார்கள். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மற்றவர்கள் ஏன் இவர்களுக்காகக் கட்ட வேண்டும் என்பது அதற்கு மறுமொழி.

அந்தக் கொள்கை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018 காட்டியது. பள்ளி வளாகத்தில் காரை இலவசமாக நிறுத்திவந்த ஆசிரியர்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. கணக்குத் தணிக்கையில் அந்த இலவசம் மறைமுகச் சலுகையாகச் சுட்டப்பட்டதே காரணம். ஆசிரியருக்குக்கூட விலக்கில்லையா என்ற கேள்வி எழுந்தது. சலுகை தருவதானால் சம்பளத்தில் வெளிப்படையாகத் தர வேண்டும், நிலத்தில் மறைத்துத் தரக் கூடாது என்பது அரசின் நிலை.

சிங்கப்பூரை அப்படியே எடுத்துக் கையாள முடியாது. அங்கே 1990 முதல் கார் வாங்கவே ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பத்தாண்டுக்கான அந்தச் சான்றிதழின் விலை சில ஆண்டுகளில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. கார் இல்லாதவருக்கு நம்பகமான ரயிலும் பேருந்தும் வீட்டருகே உண்டு. ஜப்பான் வேறொரு வழியில் போனது. 1962-ல் வந்த சட்டத்தால், காரை நிறுத்தச் சொந்த இடமோ வாடகை இடமோ இருப்பதைக் காட்டினால்தான் அங்கே கார் பதிவாகும். இரண்டு நாடுகளும் சொல்லும் பாடம் ஒன்று. தெரு யாருடைய கார் ஷெட்டும் அல்ல. அந்தக் கண்டிப்பைச் செவ்வாய்ப்பேட்டை குட்டியானையின் மேல் காட்டுவதற்கு முன், மாற்று வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் கொள்கை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகன நிறுத்தக் கட்டணம் அந்த வண்டி பிடித்துக்கொள்ளும் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்கிறது. தனியார் வண்டியைவிடப் பொதுப் போக்குவரத்துக்கும் மோட்டார் இல்லா வண்டிகளுக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. சதுர மீட்டர் கணக்கில் இந்தக் கொள்கை ஏழைக்குப் பாதகமானதன்று. சைக்கிளும் ஸ்கூட்டரும் தள்ளுவண்டியும் பிடிக்கும் நிலம் சிறிது, எனவே அவற்றின் கட்டணமும் சிறிது.

இடம் யாருக்குச் சொந்தம் என்பதிலும் தெளிவு வந்துவிட்டது. மகாராஷ்டிர அடுக்ககச் சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கில், தூண் தள நிறுத்தம் கட்டடத்தின் பொதுப் பகுதி, அதைத் தனியாக விற்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை என்று 2010 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ன் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளி நிறுத்தத்தைப் பொதுப் பகுதி என்றே வரையறுக்கிறது. பொதுவானதை ஒருவர் நிலையாகப் பிடித்துவைத்தால் மற்றவர்களுக்கு அவர் ஏதேனும் ஈடு தர வேண்டும் என்பது அதிலிருந்து இயல்பாகப் பெறப்படும் முடிவு.

தள்ளுவண்டிக்கும் சட்டம் உண்டு. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் வியாபாரம் செய்யும் இடத்தைக் காக்கிறது. வியாபாரம் முடிந்த பின் வண்டி போய் நிற்கும் இடம் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு வீட்டைக் கட்டும் வாரியத்திடமே இருக்கிறது.

யாருக்கு, எவ்வளவு

இரு தரப்பு வாதங்களையும் நிலக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவாகிறது. வண்டி நிறுத்தத்துக்கு மானியம் வேண்டும். அது வண்டியின் அளவையும் வேலையையும் பார்த்துத் தரப்பட வேண்டும். அதை நான்கு படிகளில் வகுக்கலாம்.

முதல் படியில் சைக்கிள், தள்ளுவண்டி, மாற்றுத்திறனாளியின் வண்டி, குடும்பத்தின் முதல் இரு சக்கர வாகனம். இவற்றுக்குத் தனிக் கட்டணம் கூடாது. வீட்டின் ஒரு பகுதியாகவே இந்த இடம் கருதப்பட வேண்டும். மாற்றுத்திறனாளியின் இடம் படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் அருகில், ஏறி இறங்கப் போதிய அகலத்துடன் இருக்க வேண்டும்.

இரண்டாவது படியில் பயணிகள் ஆட்டோ, லோடு ஆட்டோ, குட்டியானை போன்ற பிழைப்பு வண்டிகள். இவை பெரியவை, எனவே முற்றிலும் இலவசம் என்றால் இடம் போதாது. குறைந்த மாதக் கட்டணம் பொருந்தும். பிழைப்பு வண்டி என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்டோவுக்கு அனுமதிச் சீட்டு, தெரு வியாபாரிக்கு வியாபாரச் சான்றிதழ், விநியோகத் தொழிலாளிக்கு நலவாரியப் பதிவு என்று அரசே வழங்கும் தாள்கள் இருக்கின்றன.

மூன்றாவது படியில் குடும்பத்தின் இரண்டாவது, மூன்றாவது இரு சக்கர வாகனங்கள். பேருந்து நிலைய ஸ்டாண்டில் மாத பாஸுக்கு என்ன வாங்கப்படுகிறதோ, அதை ஒட்டிய கட்டணம் போதும். அந்தத் தொகையை முணுமுணுக்காமல் கட்டிப் பழகிய மக்கள்தான் இவர்கள்.

நான்காவது படியில் சொந்தக் கார். இதற்கு மானியம் தேவையில்லை. குறைந்தபட்ச அளவுகோல் ஒன்றை வைக்கலாம். வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு என்ன பராமரிப்புக் கட்டணமோ, அதைவிடக் குறையாத கட்டணத்தைக் கார் பிடிக்கும் 23 சதுர மீட்டருக்கும் வாங்க வேண்டும். மனிதர் வசிக்கும் பரப்புக்குக் காட்டாத சலுகையைக் காருக்குக் காட்டுவதற்குக் காரணம் இல்லை. அரசு அலுவலர் குடியிருப்புகளில் கட்டணம் சந்தை நிலையை ஒட்டியே இருக்கலாம்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. வாரியத்தின் பொதுக் கணக்கில் போய் விழுந்தால் அது வெறும் வரியாகத் தோன்றும். வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்கள் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையான பங்கை அரசும் தருகிறது. வண்டிக் கட்டணத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். ஒரு காரின் கட்டணம் மாடிப்படி விளக்காகவும் தண்ணீர் மோட்டார் பழுதாகவும் கண்முன் மாறும்போது, கட்டுபவருக்கு எரிச்சலும் கட்டாதவருக்கு ஏக்கமும் குறையும்.

நடைமுறையில் சில கண்ணிகள் உண்டு. ஒதுக்கிய இடத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடுவது முதலாவது. கடைவீதிக்கு அருகில் உள்ள குடியிருப்புகளில் இந்தச் சபலம் வலுவாக இருக்கும். இடம் வீட்டு எண்ணோடும் வண்டி எண்ணோடும் பிணைக்கப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வலுத்தவர் கை ஓங்கி, நல்ல இடங்களை அவரே பிடித்துக்கொள்வது இரண்டாவது. குலுக்கல் முறையும் சுவரில் ஒட்டிய ஒதுக்கீட்டுப் பட்டியலும் அதற்கு மருந்து. மூன்றாவது மின் வண்டி. படிக்கட்டின் கீழ் நீட்டிப்பு வயரில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆபத்தானது. மீட்டர் பொருத்திய தனி சார்ஜிங் முனைகளைப் புதிய குடியிருப்புகளின் வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம்.

பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் பணி மாநிலம் முழுதும் நடந்துவருவதால், திருத்திக்கொள்ள இது ஏற்ற காலம். தூண் தளம் முழுவதையும் கார்க் கட்டங்களாகப் பிரித்துக் கோடு போடுவதற்கு முன், அங்கே குடியேறப் போகிறவர்களிடம் என்ன வண்டி இருக்கிறது என்று கணக்கெடுத்தால் போதும். கார்க் கட்டம் ஒன்றில் ஆறு இரு சக்கர வாகனங்கள் நிற்கும் என்பதைக் கணக்கெடுப்பே வரைபடத்துக்குச் சொல்லிவிடும்.

வண்டியின் தேவையைக் குறைப்பதும் மானியம்தான். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். குடியிருப்பின் வாசலுக்கு அந்தப் பேருந்து விடியற்காலையிலும் இரவிலும் வந்தால், பல வீடுகளில் இரண்டாவது வண்டி வாங்கும் பேச்சே எழாது. வீட்டை வேலைக்கு அருகிலேயே கட்டினால் முதல் வண்டிக்கான தேவையும் தளரும். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குபவருக்கு நடக்கும் தொலைவில் வீடு கொடுப்பது, பத்துக் கிலோமீட்டர் தள்ளி வீடும் கூடவே இலவச வண்டி நிறுத்தமும் கொடுப்பதைவிட மலிவு.

வீடு கட்டும்போது எத்தனை பேருக்கு என்று கேட்கும் வாரியம், எத்தனை வண்டிக்கு, எந்த வண்டிக்கு என்றும் கேட்க வேண்டும். பிழைப்புக்கு ஓடும் சக்கரத்துக்கு இடம் உரிமையாகட்டும். வசதிக்கு ஓடும் சக்கரம் தன் இடத்துக்கு விலை கொடுக்கட்டும்.